பலகையில் ஒரு பெரிய மீன்தொட்டி



ஜாசின் வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். பதினான்கு வயது மகனுக்கு மீன் என்றால் உயிர். மலாக்கா பட்டணத்துக்குப் போனால் மீன்கடை வாசலைவிட்டு நகரமாட்டானாம். "ஆறடித் தொட்டிக்கு விலை கேட்டோம். அவர்கள் சொன்ன தொகையில் இரண்டு மாதத்துக்குச் சமையல் சாமான் வாங்கிவிடலாம். பலகையிலேயே செய்துவிடலாம் என்கிறான் பையன். அவன் அப்பாவும் தலையை ஆட்டுகிறார். பலகையில் தண்ணீர் நிற்குமா? உடைந்து வீடெல்லாம் நனைந்தால் என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

சகோதரியே, பலகையில் தண்ணீர் நிற்கும். படகே பலகையில்தானே மிதக்கிறது! படகு தண்ணீரை வெளியே நிறுத்துகிறது, தொட்டி உள்ளே நிறுத்துகிறது. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால், உடைந்த தொட்டியைக் கண்ணால் பார்த்தவன் நான்.

1983-ஆம் ஆண்டில் நானும் என் நண்பனும் தோட்டத்து லயத்தில் ஒரு பலகைத் தொட்டி செய்தோம். நீளம் 4 அடி, உயரம் 3 அடி. உயரமாக இருந்தால் பார்ப்பவர்கள் மூக்கில் விரலை வைப்பார்கள் என்று எண்ணம். கண்ணாடியை வெளிப்பக்கமாக வைத்து, சுற்றிலும் சட்டம் அடித்தோம். சாயம் காய்ந்ததும் காயாததுமாக அன்று மாலையே வாய்வரை தண்ணீரை ஊற்றிவிட்டோம். மூன்றாம் நாள் இரவில் சட்டம் பிடுங்கிக்கொண்டு கண்ணாடி விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் தொட்டிக்குப் பக்கத்தில் அந்த மாதத்து அரிசி மூட்டை இருந்தது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, நனைந்த அரிசியைப் பாயில் பரப்பிவிட்டுப் பிரட்டுக்குப் போனார். அந்த மௌனம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

நாங்கள் செய்த தவறுகள் மூன்று: உயரம், கண்ணாடி வைத்த பக்கம், அவசரம். இந்த மூன்றையும் தவிர்த்தால் பலகைத் தொட்டி பல ஆண்டு உழைக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீரின் கணக்கு

ஒரு கன அடித் தண்ணீர் ஏறக்குறைய 28 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. நான் இங்கே சொல்லப்போகும் தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். பலகையின் கனத்தைக் கழித்து, 21 அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் சுமார் 545 லிட்டர் பிடிக்கும். பலகை, கண்ணாடி, அடியில் போடும் கல் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 700 கிலோவை நெருங்கும். 50 கிலோ அரிசி மூட்டை பதினான்கை ஒரே இடத்தில் அடுக்கியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது கீழ்நோக்கி இறங்கும் பாரம். பக்கவாட்டில் தள்ளும் பாரம் வேறு. 21 அங்குலத் தண்ணீர் அந்த ஆறடி முன்பக்கத்தை 255 கிலோ அளவுக்குத் தள்ளுகிறது. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே சீராக அல்ல. மேலே கொஞ்சம், அடியில் அதிகம்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தொட்டியின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் முன்பக்கத்தைத் தள்ளும் பாரமும் இரட்டிப்பாகும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அகலத்தை எவ்வளவு கூட்டினாலும் முன்கண்ணாடியைத் தள்ளும் பாரம் கூடவே கூடாது. ஆனால் தண்ணீரின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் அந்தப் பாரம் நான்கு மடங்காகிறது! ஆகவே பெரிய தொட்டி வேண்டுமா? நீளத்தைக் கூட்டுங்கள், அகலத்தைக் கூட்டுங்கள். உயரத்தை 2 அடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீனுக்கும் அதுதான் நல்லது. அது நீந்துவது பெரும்பாலும் குறுக்கும் நெடுக்கும்தான். காற்று கலப்பதும் தண்ணீரின் மேற்பரப்பில்தான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றடிக்குக் குறைந்த தொட்டி போதுமென்றால் பலகை வேலை வேண்டாம், கடையில் கண்ணாடித் தொட்டியே வாங்கிவிடுங்கள். பெரிய தொட்டிக்குத்தான் பலகையில் மிச்சம் உண்டு. ஐந்து பக்கக் கண்ணாடிக்குப் பதில் ஒரு பக்கக் கண்ணாடி போதும் என்பதால்தான் அந்த மிச்சம்.

வெட்டும் வகை

4 அடிக்கு 8 அடி பிளைவுட் பலகை இரண்டு வாங்குங்கள். கனம் 18 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். தண்ணீருக்குத் தாங்கும் பசையால் ஒட்டிய வகையாகக் கேளுங்கள். சாதாரணப் பலகை ஈரம் பட்டால் ஏடு ஏடாகப் பிரியும். ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள். நடுவில் ஓட்டை தெரிந்தால் வேண்டாம்.

பலகைக் கடையிலேயே இயந்திர வாள் இருந்தால், இரண்டு பலகையையும் நீளவாக்கில் நடுவே பிளந்து தரச் சொல்லுங்கள். 8 அடிக்கு 2 அடியாக நான்கு துண்டு கிடைக்கும். வாள் தின்னும் தூளுக்காக ஒவ்வொன்றிலும் அரை நூல் குறையும். எல்லாம் ஒரே அளவாகக் குறைவதால் கெடுதலில்லை.

முதல் இரண்டு துண்டிலிருந்து அடிப்பலகை ஒன்று, பின்பலகை ஒன்று, இரண்டும் 6 அடி நீளம். அவற்றில் மிஞ்சும் இரண்டடித் துண்டுகள் இரண்டும் பக்கப்பலகைகள். பக்கப்பலகை முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் உட்கார வேண்டும் என்பதால், அகலத்தை 22½ அங்குலமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது துண்டில் 6 அடி முன்பலகை. நான்காவது துண்டை 4 அங்குல அகலப் பட்டைகளாகக் கிழித்து மேல்விளிம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பலகையில் நாலா பக்கமும் 3½ அங்குலம் விட்டு, நடுவில் சன்னல் வெட்டுங்கள். சன்னல் 65 அங்குலத்துக்கு 17 அங்குலம் வரும். மூலைகளைக் கூராக வெட்டாமல் சற்று வளைவாக விடுங்கள். கூர்மூலையில்தான் பலகை விரியத் தொடங்கும். வெட்டியெடுத்த துண்டை எறிந்துவிடாதீர்கள், மூடிக்கு ஆகும்.

பூட்டும் வகை

சுவர்ப்பலகைகள் நான்கும் அடிப்பலகையின் மேல் நிற்க வேண்டும். தண்ணீர் தாங்கும் மரப்பசையைத் தாராளமாகத் தடவி, 4 அங்குலத்துக்கு ஒரு திருகாணி வீதம் முடுக்குங்கள். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி, 2 அங்குல நீளம். பலகையின் ஓரத்தில் திருகாணி இறங்குவதால் முதலில் சிறு துளை போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பலகை பிளக்கும்.

பசை காய்வதற்குள் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சதுரம் சரி. இல்லையென்றால் இப்போதே தட்டிச் சரிசெய்யுங்கள். பிறகு முடியாது.

கண்ணாடியை உள்ளே வைத்து முடித்த பிறகு, மேல்விளிம்பைச் சுற்றி 4 அங்குலப் பட்டைகளைப் படுக்கையாக ஒட்டித் திருகுங்கள். முன்னும் பின்னும் இணையும்படி நடுவில் இரண்டு குறுக்குப் பட்டை போடுங்கள். இந்தக் குறுக்குப் பட்டைதான் தொட்டியின் இடுப்புக் கயிறு. இது இல்லாமல் போனால் முன்பலகை வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும்.

பூச்சு

எங்கள் காலத்தில் கிடைத்த சாயத்தைப் பூசினோம். அது தண்ணீர்த் தொட்டிக்கு உதவாது. இன்று இரண்டு டப்பாவாக வரும் எபோக்சி கிடைக்கிறது. குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். உட்பரப்பு சுமார் 35 சதுர அடி. மூன்று பூச்சுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை டப்பாவில் எழுதியிருக்கும் அளவை வைத்துக் கணக்கிடலாம். வெளிப்புறத்துக்கும் ஒரு பூச்சு போட்டால் நம் ஊர் ஈரக்காற்றுக்கு நல்லது.

முதலில் உள்மூலைகள் எல்லாவற்றிலும் கண்ணாடிநார்த் துணிப் பட்டையை எபோக்சியில் நனைத்து ஒட்டுங்கள். கண்ணாடிநார்ப் படகு கட்டுவோர் கையாளும் முறைதான் இது. பலகை வெயிலுக்கும் மழைக்கும் சற்றே விரியும், சுருங்கும். மூலையில் வெறும் பூச்சு மட்டும் இருந்தால் முடி அளவு வெடித்தாலும் போதும், தண்ணீர் புகுந்துவிடும். துணி இருந்தால் வெடிக்காது.

இரண்டு மருந்தையும் சொன்ன அளவில் கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று இறுக்கும் மருந்தைக் கூட்டினால் பூச்சு கெட்டுவிடும். ஒரே தடவையில் நிறையக் கலக்கவும் வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் கிண்ணத்திலேயே கொதித்துப் புகையும்.

மழைக்காலத்தில் பூசினால், காய்ந்த பூச்சின் மேல் மெழுகுபோல ஒரு வழுவழுப்புப் படியலாம். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து, உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்த பிறகே அடுத்த பூச்சு. பலகையும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். வேலை முழுவதும் காற்றோட்டமான இடத்தில், கையுறையும் முகமூடியும் அணிந்து செய்யுங்கள். பூச்சு வேலை நடக்கும்போது சின்னப் பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு வாரம் தொட்டியைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

கண்ணாடி உள்ளேதான்

எங்கள் இரண்டாவது தவறு இது. கண்ணாடியை வெளியிலிருந்து வைத்தால், தண்ணீர் அதைச் சட்டத்தோடு சேர்த்து வெளியே தள்ளும். பிடித்துக்கொண்டிருப்பது ஆணியும் பசையும் மட்டுமே. உள்ளேயிருந்து வைத்தால், அதே தண்ணீர் கண்ணாடியைப் பலகைமேல் அழுத்தி உட்காரவைக்கும். நம்மை எதிர்த்த பாரமே நமக்குக் காவலாகிவிடுகிறது. அப்போது சிலிகோன் பசைக்குத் தண்ணீர் கசியாமல் தடுப்பது ஒன்றுதான் வேலை.

கண்ணாடி 69 அங்குலத்துக்கு 21 அங்குலம், கனம் 12 மில்லிமீட்டர், ஓரம் தேய்த்து வாங்குங்கள். சன்னலைவிட நாலா பக்கமும் 2 அங்குலம் கூடுதலாகப் படிந்து உட்காரும். எடை 28 கிலோ. தனி ஆளாகத் தூக்க வேண்டாம்.

தொட்டியை முன்பக்கம் தரையில் படும்படி குப்புறப் படுக்கவையுங்கள். சன்னல் ஓரத்தைச் சுற்றி, பூஞ்சை மருந்து சேர்க்காத சுத்தமான சிலிகோனை இடைவெளி விடாமல் போட்டுக் கண்ணாடியை மெல்ல இறக்குங்கள். ஓங்கி அழுத்தினால் பசை முழுவதும் பிதுங்கிவிடும். பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் பசை நிற்க வேண்டும். பிறகு உள்விளிம்பைச் சுற்றி இன்னொரு கோடு போட்டு விரலால் வழித்துவிடுங்கள். இதற்கும் ஒரு வாரம்.

சோதனை

"பதறாத காரியம் சிதறாது" என்பார்கள் பெரியவர்கள். தொட்டியை வீட்டுக்குள் கொண்டுபோகுமுன், வெளியே சமமான சிமெண்டுத் தரையில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். மறுநாள் இன்னொரு பங்கு. மூன்றாம் நாள் முழுவதும். அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் ஒரு சொட்டு கசிந்தாலும் தெரியும். முன்பலகையின் நடுவில் ஒரு நூலைக் குறுக்கே இழுத்துக் கட்டிப் பாருங்கள். பலகை வயிறு தள்ளுகிறதா என்பதை நூல் காட்டிக்கொடுக்கும். முழுத் தண்ணீரும் ஏழு நாள் நிற்கட்டும்.

அந்த ஏழு நாளும் மேலே கொசுவலை போட்டு மூட மறக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கொசுப்புழு இருந்தால் வீட்டுக்காரருக்கு அபராதம் உண்டு. அபராதம் போகட்டும், பிள்ளைக்கு டிங்கி வந்தால் எந்தத் தொட்டி ஈடாகும்?

கசிந்தால் மனம் தளர வேண்டாம். தண்ணீரை இறைத்து, காயவைத்து, அந்த இடத்தை மட்டும் சரிசெய்து, மறுபடி சோதியுங்கள். வாசலில் கசிந்தால் தரைதான் நனையும். அதற்காகத்தானே வாசலில் வைத்தோம்!

வைக்கும் இடம்

தூண்மேல் நிற்கும் பழைய பலகைத்தரை வீடுகளில் இந்தத் தொட்டியை வைக்கவே கூடாது. மாடி வீட்டிலும் வேண்டாம். தாமான் வீடானாலும் தோட்டத்து வீடானாலும், மண்ணின் மேல் போட்ட சிமெண்டுத் தரை, சுவரோரம், வெயில் படாத இடம். சிமெண்டுக் கல்லை அடுக்கி, மேலே கனமான சட்டங்கள் போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சமமாக்குங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் பாரமெல்லாம் அங்கே சாயும். அடிப்பலகை முழுவதும் தாங்கலில் படிய வேண்டும்.

மின்சாரத்தில் விளையாட்டு வேண்டாம். விளக்குக்கும் காற்றுப் பம்புக்கும் போகும் கம்பி, பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு இறங்கி ஏறட்டும். கம்பி வழியாக வரும் சொட்டு அந்த வளைவிலேயே கீழே விழும், பிளக்குக்குப் போகாது. மின்கசிவைத் தடுக்கும் சுவிட்சு வீட்டில் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். தொட்டிக்குள் கை விடுமுன் எல்லா சுவிட்சையும் அடைத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மீன் வரும் நாள்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மீன்கடையில் கிடைக்கும் குளோரின் போக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே மீனை விடுங்கள். முதல் நாளே தொட்டியை நிரப்பிவிடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதற்கே நஞ்சு. அதைச் சாப்பிட்டு மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கப்பி, மோலி போன்ற சின்ன மீன் பத்தோடு தொடங்குங்கள். வாரம் ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். வெளியேற்றும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், கத்தரியும் வெண்டையும் நன்றாகக் காய்க்கும்.

மீனை நெருக்கி வளர்க்கக்கூடாது என்ற பாடம் நம் மலாக்காவிலேயே உண்டு. பத்து பெரண்டாமில் 1957-ஆம் ஆண்டில் வெப்பமண்டல மீன்வளர்ப்பு ஆராய்ச்சிக் கழகம் ஒன்று தொடங்கியது. திலாப்பியா மீன் குளத்தில் கட்டுமீறிக் குஞ்சு பொரித்து, இடமும் தீனியும் போதாமல், எல்லாமே விரல் நீளத்தில் நின்றுவிடுவது அப்போது பெரிய தொல்லை. டாக்டர் ஹிக்லிங் என்ற அறிஞர் அங்கே இரண்டு வகைத் திலாப்பியாவை இணைத்துப் பார்த்தார். மொசாம்பிக் இனத்துப் பெண்ணோடு ஸான்ஸிபாரிலிருந்து வந்த இனத்து ஆணைச் சேர்த்தபோது, பிறந்த குஞ்சுகள் ஆணாகவே இருந்தன. பெருகவில்லை, ஆகவே வளர்ந்தன. 1960-இல் அவர் வெளியிட்ட அந்த ஆய்வு மலாக்கா பெயரோடுதான் உலகத்துக்குப் போனது. இதை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள், சகோதரியே. எந்த நாள் எந்த மீன் விட்டான், எது குஞ்சு பொரித்தது என்று ஒரு நோட்டில் எழுதிவரட்டும். குளத்து ஓரத்தில் நின்று எண்ணி எழுதியவர்கள்தான் அந்த உண்மையைக் கண்டுபிடித்தார்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. மீன் சலித்துப்போனால், அல்லது பெரிதாகிவிட்டால், ஆற்றிலோ கால்வாயிலோ விடாதீர்கள். தொட்டியின் அழுக்கைத் தின்னும் என்று வாங்கிய "இக்கான் பண்டாராயா" இன்று நம் நாட்டு ஆறுகளில் பெருகி, சொந்த மீன்களுக்கு இடமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. வேண்டாத மீனைக் கடையிலோ, வளர்க்க விரும்பும் நண்பரிடமோ கொடுங்கள்.

சகோதரியே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த வேலைக்கு வாரக் கடைசிகள் ஆறேழு பிடிக்கும். அதில் பாதி காயவிட்டுக் காத்திருப்பதுதான். அப்பாவும் மகனும் சேர்ந்து அளந்து, சேர்ந்து தூக்கி, சேர்ந்து காத்திருக்கட்டும். ஆனால் வாசலில் ஏழு நாள் நின்ற தொட்டியை வீட்டுக்குள் விடலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் விரித்த செய்தித்தாளை நீங்களே தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் "சரி" என்று சொல்லுங்கள். ஈரமாக இருந்தால், மகன் எவ்வளவு கெஞ்சினாலும், "இன்னும் ஒரு வாரம்" என்று சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அன்று என் அம்மாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மாதத்து அரிசி நனைந்திருக்காது.

தொட்டி செய்து முடித்தவர்கள் எழுதுங்கள். கசிந்தவர்களும் எழுதுங்கள், எங்கே கசிந்தது என்று பார்த்துச் சொல்கிறேன்.